இரண்டு பேரும் சொன்னால்தான் கணக்கு: ஹாம் ரேடியோ கேள்வி பதில்

சென்ற இதழில் மின்வழி க்யூஎஸ்எல், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம்கள் பேசியதற்கு இணையத்தில் பெறும் அத்தாட்சி, பற்றி நாலே வரிதான் எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கேள்விகள் இந்தப் பக்கத்தில் அடங்காது. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன். பெயரைப் போடவில்லை, அரசு தரும் அழைப்புக்குறியான கால்சைனைப் போட்டால் பெயரைப் போட்ட மாதிரிதான் என்பதால் அதையும் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: எனக்கு ஹாம் ரேடியோ பற்றி ஒன்றும் தெரியாது. என் மகன் லைசென்ஸ் எடுத்திருக்கிறான். ராத்திரி இரண்டு மணிக்கு பிரேசில்காரர் ஒருவரோடு பேசிவிட்டு, மறுநாள் கேட்டால் "இன்னும் கன்ஃபர்ம் ஆகலைம்மா" என்கிறான். அதுதான் பேசியாயிற்றே, அப்புறம் என்ன கன்ஃபர்ம்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மகன் சரியாகத்தான் சொல்கிறார் அம்மா. சிற்றலையில் பேசுவது தொலைபேசி மாதிரி கிடையாது. இரைச்சலுக்கு நடுவே, ஒரே நேரத்தில் ஐம்பது பேர் கூப்பிடும் கூச்சலுக்கு நடுவே, பிரேசில்காரர் ஒரு கால்சைனைத் திரும்பச் சொல்கிறார். அது உங்கள் மகனுடையதுதானா, ஒரு எழுத்து மாறிய வேறு யாருடையதோவா என்பது அந்த நேரத்தில் நிச்சயமில்லை. இவர் தன் லாக்புக்கில், அதாவது பேசியதைக் குறித்துவைக்கும் நோட்டில், எழுதிவிட்டார். அவர் தன் லாக்புக்கில் என்ன எழுதினார் என்பதுதான் கேள்வி. க்யூஎஸ்எல் என்பது தந்திக் காலத்துச் சுருக்கெழுத்து, "கிடைத்தது, ஒப்புக்கொள்கிறேன்" என்று பொருள். அதை அச்சடித்த அஞ்சலட்டையாக அனுப்பும் வழக்கம் நூறு வருஷமாக இருக்கிறது.

இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. 1935இல் கிளின்டன் டிசோட்டோ என்ற அமெரிக்கர், தொலைதூரத் தொடர்புகளில் 'நாடு' என்று எதை எண்ணுவது என்று கியூஎஸ்டி என்ற ஹாம் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து 1937இல் டிஎக்ஸ்சிசி என்ற விருது பிறந்தது. நூறு நாடுகளோடு பேசி, நூறுக்கும் அத்தாட்சி காட்ட வேண்டும். இன்றைய பட்டியலில் 340 இடங்கள் இருக்கின்றன. எல்லாமே தனி நாடு கிடையாது, தூரத்துத் தீவு என்றாலே தனிக் கணக்கு. நம் அந்தமான் நிக்கோபார் தனி, லட்சத்தீவு தனி. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட்பிளேரிலிருந்து ஒலிபரப்பியபோது, அந்தமானை எண்ணிக்கையில் சேர்க்க உலகமே அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்தது. அதே ரேடியோக்களை வைத்துக்கொண்டு அவர்கள் அவசரத் தகவல் தொடர்புக்கு மாறினார்கள். இதை எங்கு சொன்னாலும் எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிடும், அதனால் இதோடு விடுகிறேன்.

உங்கள் மகன் காத்திருப்பது அநேகமாக அஞ்சலட்டைக்கு இல்லை, லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு என்ற இணையச் சேவையில் வரும் ஒரு வரிக்கு. ஏஆர்ஆர்எல் என்ற அமெரிக்க ஹாம் அமைப்பு 2003இல் ஆரம்பித்தது. எங்கள் ஆட்கள் எல்ஓடிடபிள்யூ என்பார்கள். கீழே வரும் கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

கேள்வி: அண்ணா, இந்த வருஷம்தான் வியூ3 கால்சைன் கிடைத்தது. எல்ஓடிடபிள்யூவில் இருநூறு சொச்சம் தொடர்புகளை ஏற்றினேன். எஃப்டி8இல் பேசினது நிறைய பொருந்திவிட்டது, மைக்கில் பேசினது ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மைக்கில் பேசுகிறவர்கள் யாருமே லாக் ஏற்றுவதில்லையா? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: ஏற்றுகிறார்கள் தம்பி. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. எஃப்டி8 கணினி வழியாகச் செய்தி அனுப்பும் முறை, அதில் மென்பொருளே நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதிக்கொள்கிறது. மைக்கில் பேசியதை நீங்கள் நோட்டில் எழுதியிருப்பீர்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

எல்ஓடிடபிள்யூ நான்கு விஷயங்களைத்தான் பார்க்கிறது: இரண்டு கால்சைன்கள், தேதியும் நேரமும், அலைவரிசைப் பட்டை, பேசிய முறை. நேரத்தில் முப்பது நிமிஷம் வரை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடும். நம் நேரத்துக்கும் யூடிசிக்கும் ஐந்தரை மணி நேரம். ஜென்மத்துக்கும் பொருந்தாது. இதில் இன்னொரு சிக்கல், காலை ஐந்தரைக்கு முன் பேசியதெல்லாம் யூடிசி கணக்கில் முந்தின நாள். 15ஆம் தேதி விடிகாலை 5 மணிக்கு ஜப்பானோடு பேசினால், லாக்கில் 14ஆம் தேதி 23:30 என்று இருக்க வேண்டும். நேரத்தை மட்டும் கழித்துவிட்டுத் தேதியை மாற்ற மறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நானும் இதில் மாட்டியவன்தான். எட்டு வருஷ நோட்டுப் புத்தகங்களை உட்கார்ந்து தட்டச்சு செய்து, நடுவில் மூன்று நோட்டுகள் இந்திய நேரத்தில் இருந்ததைக் கவனிக்காமல் மொத்தமாக ஏற்றிவிட்டேன். ஏற்றியதை அழிக்க முடியாது. நேரத்தைத் திருத்தி மறுபடி ஏற்றினேன், அவை பொருந்தின. பழைய தப்பு வரிகள் இன்றும் அங்கே பொருத்தமில்லாமல் கிடக்கின்றன, யாருக்கும் தொல்லையில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அப்புறம் இன்றைக்கே ஒரு பழைய கடிகாரத்தை யூடிசிக்கு வைத்து ரேடியோ பக்கத்தில் மாட்டிவிடுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் 'நேரம் யூடிசி' என்று எழுதுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த நோட்டைத் திறக்கும்போது உங்களுக்கே அது தேவைப்படும்.

கேள்வி: எல்ஓடிடபிள்யூவுக்குக் காசு கட்ட வேண்டுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: ஏற்றவும் பொருத்தம் பார்க்கவும் வேண்டாம். பொருந்தியதை விருதுக் கணக்கில் சேர்க்கும்போதுதான் கட்டணம்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 4எஸ்7 அழைப்புக்குறி வைத்திருக்கிறேன். எல்ஓடிடபிள்யூவில் சேர்வதற்கு அனுமதிப்பத்திரத்தின் பிரதி, அடையாள ஆவணத்தின் பிரதி எல்லாம் கேட்கிறார்கள். அனுப்பிவிட்டுக் காத்திருந்தபோது கணினி பழுதாகிவிட்டது. புதிய கணினியில், அவர்கள் அனுப்பிய கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறது. ஒரு பொழுதுபோக்குக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முதலில் உங்கள் கோப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லாக்கைக் கையெழுத்திட்டு எல்ஓடிடபிள்யூவில் ஏற்றும் டிக்யூஎஸ்எல் மென்பொருளில் நீங்கள் விண்ணப்பம் போட்டபோது, அது உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு ரகசியச் சாவியைச் செய்து வைத்துக்கொண்டது. அந்தச் சாவி வெளியே எங்கும் போகாது, ஏஆர்ஆர்எல்லுக்கும் போகாது. அவர்கள் அனுப்பும் சான்றிதழ்க் கோப்பு அந்தச் சாவி இருக்கும் கணினியில் மட்டும்தான் ஏறும். பழைய வட்டை உயிர்ப்பிக்க முடிந்தால் சாவியை மீட்கலாம். முடியாவிட்டால் மறுபடி விண்ணப்பியுங்கள், வேறு வழி கிடையாது. இந்த முறை சான்றிதழ் ஏறிய அன்றைக்கே, சாவியோடு சேர்த்து ஒரு பிரதியை சேமிக்கும் வசதி அதே மென்பொருளில் இருக்கிறது, அதை எடுத்து பென்டிரைவில் போட்டு பீரோவில் வையுங்கள். சான்றிதழ் மூன்று வருஷம் செல்லும். காலாவதி ஆவதற்கு முன்பே புதுப்பித்தால் இருக்கும் சான்றிதழே உங்களுக்குச் சாட்சி, ஆவணம் எதுவும் மறுபடி கேட்க மாட்டார்கள். ஆகவே நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெடுபிடி ஏன் என்று கேட்டீர்கள். அமெரிக்கர்களுக்கு இது சுலபம்தான், அவர்களுடைய அரசு உரிமப் பட்டியலில் உள்ள முகவரிக்கு ஒரு அஞ்சலட்டையில் கடவு எண் வரும், அதைக் காட்டினால் முடிந்தது. மற்ற நாட்டுக்காரர்களுக்கு அப்படி ஒரு வழி இல்லாததால் ஆவணங்கள் கேட்கிறார்கள். நமக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் காகிதக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அரிய நாட்டுக் கார்டை யாராவது ஒருவர் அச்சகத்தில் கொடுத்து அடித்துக்கொள்ள முடியும், தேதியைச் சுரண்டி எழுத முடியும், செய்தவர்களும் உண்டு. அதனால்தான் கார்டுகளைச் சரிபார்க்க என்றே ஆட்களை நியமித்திருக்கிறார்கள். எல்ஓடிடபிள்யூவில் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு வரியும் உங்கள் சாவியால் கையெழுத்திடப்படுகிறது. அந்தக் கையெழுத்து உங்களுடையதுதான் என்று ஆரம்பத்தில் ஒரே ஒருமுறை நன்றாக உறுதி செய்துகொண்டால், அப்புறம் லட்சம் வரிகளானாலும் யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. எனக்கு இந்த ஏற்பாடு நியாயமாகவே படுகிறது.

கேள்வி: ஈ-க்யூஎஸ்எல்லில் எனக்கு நூற்றுப்பத்து நாடுகளின் கார்டு வந்துவிட்டது. டிஎக்ஸ்சிசிக்கு இதை வைத்து விண்ணப்பிக்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: முடியாது. ஈ-க்யூஎஸ்எல் வேறொரு இணையச் சேவை, டிஎக்ஸ்சிசிக்குக் காகிதக் கார்டு அல்லது எல்ஓடிடபிள்யூ. நூற்றுப்பத்து நாடுகளைக் கேட்டுப் பேசியிருக்கிறீர்கள் என்பது பெரிய விஷயம். அதே தொடர்புகளை எல்ஓடிடபிள்யூவிலும் ஏற்றுங்கள், பாதிக்கு மேல் உடனே பொருந்தினாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

கேள்வி: டிக்யூஎஸ்எல்லில் 'ஸ்டேஷன் லொகேஷன்' என்று கேட்கிறது. நான் பைக்கில் ரேடியோவை எடுத்துக்கொண்டு சுற்றுகிறவன். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகப் போட வேண்டுமா, வீட்டு முகவரியையே போட்டுவிடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: தனித்தனியாகத்தான் போட வேண்டும். எங்கிருந்து பேசினீர்களோ அந்த இடம்தான் கையெழுத்தோடு போக வேண்டும். சிற்றலையில் டிஎக்ஸ்சிசிக்கு மட்டும் என்றால் இந்தியா என்பது போதும். ஆனால் 50 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் விருதுகளே கிரிட் கட்டங்களை வைத்துத்தான். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இரண்டு எழுத்து, இரண்டு எண் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டம் குறுக்கில் இரண்டு பாகை, நெடுக்கில் ஒரு பாகை.

மதுரைக்காரர் நீங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாவது வட அட்சரேகை உங்கள் ஊருக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. மதுரை நகரம் எம்ஜே99. அழகர்கோவில் எம்கே90. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து வைகைக்கு வரும் வழியில் ஒரு கட்டத்தை விட்டு இன்னொரு கட்டத்துக்குள் இறங்குகிறார்! சென்னைக்காரர்களுக்கும் இதே கதை, ஸ்ரீபெரும்புதூர் ஒரு கட்டம், தாம்பரம் வேறு கட்டம், நடுவில் எண்பதாவது தீர்க்கரேகை. நீங்கள் பைக்கில் அரை மணி நேரம் போனாலே எதிர்முனைக்காரருக்கு ஒரு புதுக் கட்டம் கிடைக்கலாம். வீட்டு முகவரியைப் போட்டுவிட்டால் அவருக்கு அது கிடைக்காது, கிடைத்தாலும் பொய்யாகக் கிடைக்கும்.

தப்பாக ஏற்றியிருந்தால் கவலை வேண்டாம், சரியான லொகேஷனில் அதே தொடர்பை மறுபடி ஏற்றினால் புதியதுதான் நிற்கும். ஒன்று மட்டும் கவனம். கால்சைனுக்குப் பின்னால் கோடு போட்டு ஏதாவது சேர்த்துப் பேசினீர்கள் என்றால் அந்தக் கால்சைனுக்குத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தமானிலிருந்தோ லட்சத்தீவிலிருந்தோ பேசினாலும் அப்படித்தான்.

கேள்வி: எஃப்டி8இல் ஒரு பசிபிக் தீவுக்காரரைப் பிடித்தேன். அவர் எனக்கு ரிப்போர்ட் கொடுத்தார், நான் 'ஆர்' போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் சிக்னல் மறைந்துவிட்டது. அவருடைய ஆர்ஆர்73 என் திரையில் வரவே இல்லை. நண்பர்கள், "எல்ஓடிடபிள்யூவில் ஏத்திப் பாரு, அவர் லாக்கில் இருந்தா பொருந்திடும், இல்லைன்னா நஷ்டமில்லை" என்கிறார்கள். ஏற்றலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: ஏற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்தக் கடிதத்துக்காகவே இந்த இதழில் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன்.

எஃப்டி8 தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 2017இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் வெளியிட்ட முறை இது. டெய்லர் 1993இல் இயற்பியல் நோபல் பெற்றவர். பதினைந்து வினாடிக்கு ஒரு செய்தி, ஒருவர் அனுப்ப மற்றவர் கேட்பார். ரிப்போர்ட் என்பது சிக்னல் எவ்வளவு பலம் என்ற எண், 'ஆர்' என்றால் வாங்கினேன், ஆர்ஆர்73 என்றால் எல்லாம் வாங்கினேன், வணக்கம். காதுக்கு எதுவுமே கேட்காத அளவு பலவீனமான சிக்னலைக்கூடக் கணினி பிரித்தெடுத்துவிடும். சிறிய ஆன்டெனா, மொட்டை மாடியில் ஒரு கம்பி, அவ்வளவுதான் நம்மில் பலருக்கு முடிந்தது. அந்த நிலையில் இருப்பவர்களுக்கு எஃப்டி8 ஒரு வரம், அதைக் குறை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வேலை எல்லாவற்றையும் கணினியே செய்வதால், 'தொடர்பு முடிந்ததா' என்று தீர்மானிக்கும் வேலை ஒன்றுதான் நம் கையில் மிச்சம் இருக்கிறது. அதையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் உங்கள் நண்பர்கள்.

இரண்டு பேரும் ஒருவர் கால்சைனை ஒருவர் வாங்கியிருக்க வேண்டும், ரிப்போர்ட்டை வாங்கியிருக்க வேண்டும், வாங்கினேன் என்று ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். உங்கள் 'ஆர்' அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. சேர்ந்திருக்கலாம், அவர் ஆர்ஆர்73 அனுப்பி லாக்கில் எழுதியிருக்கலாம். அது அவர் பக்கத்து நியாயம். உங்கள் பக்கத்தில் உங்களுக்குக் கிடைத்தது அவருடைய ரிப்போர்ட் வரைதான்.

எல்ஓடிடபிள்யூவை வடிவமைத்தவர்கள் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள், அதைக் கவனித்திருக்கிறீர்களா? உங்களோடு பேசியதாக எதிர்முனைக்காரர் ஒரு வரி ஏற்றியிருந்தாலும், நீங்கள் உங்கள் வரியை ஏற்றும்வரை அது உங்கள் கண்ணில் படாது. ஈ-க்யூஎஸ்எல்லில் அவர் அனுப்பியது நேராக உங்கள் பெட்டிக்கு வந்துவிடும், அதைப் பார்த்து உங்கள் லாக்கை எழுதிக்கொள்ளலாம். எல்ஓடிடபிள்யூவில் முடியாது. ஒரே சம்பவத்தைப் பற்றி இரண்டு சாட்சிகளைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து விசாரிப்பது மாதிரி. இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. "ஏத்திப் பாரு" என்பது, அடுத்த அறையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டு சாட்சி சொல்வது.

இதில் இன்னும் மோசமான ஒரு பழக்கம் உண்டு. பொருந்தாத தொடர்பை 20 மீட்டர் பட்டை என்று ஏற்றிப் பார்ப்பது, அப்புறம் 15 மீட்டர், அப்புறம் 17 மீட்டர், எதிலாவது விழுகிறதா என்று. ரேடியோவைக் கணினியோடு இணைக்காமல் விட்டதால் 15 மீட்டரில் பேசியது லாக்கில் 20 மீட்டர் என்று பதிந்திருக்கலாம், அது உண்மையான பிழை. அன்றைய மற்ற பதிவுகளைப் பார்த்து 'ஆமாம், அன்று முழுக்க 15இல்தான் இருந்தேன்' என்று உங்களுக்குத் தெரிந்தால் திருத்தி ஏற்றுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. உங்கள் பதிவிலிருந்து திருத்துவது வேறு, பொருந்தும்வரை மாற்றிக்கொண்டே போவது வேறு.

பசிபிக் தீவை இழப்பது வலிக்கும், எனக்குத் தெரியும். நான் ஒருமுறை தொடர்ந்து பதினொரு நாள் அதிகாலை எழுந்து ஒரு தீவுக் குழுவைக் கூப்பிட்டு, கடைசி நாள் இதே மாதிரி பாதியில் நின்றுபோய், லாக்கில் எழுதாமல் விட்டேன். அந்தத் தீவு இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அவர் மறுபடி வருவார், அதே பட்டையில் அதே நேரத்தில் இரண்டு மூன்று நாள் காத்திருங்கள், கிடைத்தால் மறுபடி கூப்பிடுங்கள். அவர் லாக்கில் நீங்கள் ஏற்கெனவே இருந்தால் அவருக்கு ஒரு நிமிஷம் வீணாகும், அதைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்த ஆர்ஆர்73 திரையில் வந்து விழும்போது உங்களுக்கே தெரியும் இது வேறு சந்தோஷம் என்று.

கேள்வி: எனக்கு லைசென்ஸ் இல்லை, நாற்பது வருஷமாக வானொலி கேட்கிறவன். சீன வானொலி தமிழ்ப் பிரிவு, வெரித்தாஸ் என்று பெட்டி நிறைய க்யூஎஸ்எல் அட்டைகள் வைத்திருக்கிறேன். ஹாம்கள் பேசுவதையும் கேட்கிறேன். என் போன்றவர்களும் எல்ஓடிடபிள்யூவில் சேரலாமா? (வாசகர், தருமபுரி)

பதில்: சேர முடியாது ஐயா. அது இரண்டு பக்கமும் பேசியவர்களுக்கானது, கேட்டதை மட்டும் ஏற்றுக்கொள்ளாது. ஈ-க்யூஎஸ்எல்லில் கேட்பவர்களும் கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஹாம்களுக்குக் கேட்டல் அறிக்கை அனுப்பலாம். அஞ்சலட்டையும் அனுப்பலாம், பதில் போடும் ஹாம்கள் இன்னும் இருக்கிறார்கள். அனுப்பும்போது ஒருவர் பேசியதை மட்டும் எழுதாமல், அவர் யாரோடு பேசினார் என்பதையும் குறிப்பிடுங்கள், அப்போதுதான் அவரால் தன் லாக்கில் தேடிச் சரிபார்க்க முடியும். உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, சிக்னலின் தரத்தை ஐந்து எண்ணில் சின்போ என்று எழுதிப் பழகிய கை அது. தமிழில் இந்தக் க்யூஎஸ்எல் ஆசையை வளர்த்ததே உங்களைப் போன்ற நேயர்கள்தான். அந்தப் பெட்டியில் கற்பூரமோ வேப்பிலையோ போட்டு வையுங்கள், பூச்சி அரிக்காமல் இருக்கட்டும்.

கேள்வி: 2024இல் எல்ஓடிடபிள்யூ வாரக்கணக்கில் வேலை செய்யவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைப்பது சரியா? அதற்குக் காகிதக் கார்டே மேல் என்று தோன்றுகிறது. (வாசகர், சென்னை)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அந்த வருஷம் மே நடுவில் ஏஆர்ஆர்எல்லின் கணினி வலையமைப்பைத் தாக்கிப் பணம் கேட்டார்கள். எல்ஓடிடபிள்யூ ஜூலை 1ஆம் தேதிதான் திரும்ப வந்தது. பத்து லட்சம் டாலர் பிணைத்தொகை கொடுத்ததை ஏஆர்ஆர்எல்லே பிறகு உறுப்பினர்களுக்குச் சொன்னது. லாக் பதிவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ஆறேழு வாரமும் உலகம் முழுக்க ஹாம்கள் தினமும் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், நானும்.

ஆனால் எல்ஓடிடபிள்யூ உங்கள் லாக்புக் கிடையாது, பெயர் அப்படி இருந்தாலும். உங்கள் லாக் உங்களிடம் இருக்க வேண்டும். லாக் மென்பொருளிலிருந்து மாதம் ஒருமுறை ஏடிஃப் கோப்பு, அதாவது எல்லா லாக் மென்பொருளும் படிக்கும் பொது வடிவக் கோப்பு, எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அது இருந்தால் எந்தச் சேவை போனாலும் இன்னொன்றில் ஏற்றிக்கொள்ளலாம்.

காகிதம் மேலா என்றால், அன்புக்குக் காகிதம் மேல். என் மேஜைக்கு எதிரே சுவரில் இருபது கார்டுகள் இருக்கின்றன, ஒன்றில் ஒரு கிழவர் தன் நாயோடு ஆன்டெனாவுக்குக் கீழே நிற்கிறார். அதை எந்தக் கோப்பும் தராது. கணக்குக்கு மின்வழிதான். இங்கிருந்து வெளிநாட்டுக்குக் கார்டு அனுப்பி, பதில் தபாலுக்கு டாலர் நோட்டு வைத்து, அந்த உறை வழியில் காணாமல் போய், மறுபடி அனுப்பி, ஒரு கார்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று நீங்களே கணக்குப் போட்டிருப்பீர்கள். கார்டுகளை மொத்தமாகப் பரிமாறிக்கொள்ளும் சங்கங்களின் க்யூஎஸ்எல் பீரோ வழியாக அனுப்பினால் மலிவு, ஆனால் வருஷங்கள் பிடிக்கும். எனக்கு ஒரு கார்டு ஆறு வருஷம் கழித்து வந்தது, அதை அனுப்பியவர் அதற்குள் காலமாகிவிட்டார். சம்பளத்தில் பாதியைத் தபாலுக்குக் கொடுக்க முடியாத பையனும் பெண்ணும் இன்று நூறு நாடுகளுக்கு அத்தாட்சி காட்ட முடிகிறது என்றால் அதற்கு எல்ஓடிடபிள்யூதான் காரணம். இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: எனக்கு விருதில் எல்லாம் ஆசையில்லை. பேசினால் போதும். நானும் லாக் ஏற்ற வேண்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஏற்றுங்கள், தயவுசெய்து. உங்களுக்கு ஆசையில்லை, சரி. எதிரில் பேசியவருக்கு நீங்கள் முதல் இந்தியராக இருக்கலாம். நீங்கள் ஏற்றாவிட்டால் அவர் பக்கத்து வரி தனியாகவே நிற்கும். மாதம் ஒருமுறை பத்து நிமிஷ வேலை.

கேள்வி: என் அப்பா ஹாம். போன ஆனியில் காலமானார். இன்னும் அவர் பெயருக்குக் கார்டுகள் வருகின்றன. பதினேழு லாக் நோட்டுகள் இருக்கின்றன, எல்லாம் அவர் கையெழுத்து. கணினியில் அவருடைய எல்ஓடிடபிள்யூ கணக்கும் திறந்த நிலையில் இருக்கிறது. மீதி நோட்டுகளை நானே தட்டச்சு செய்து ஏற்றிவிடலாமா? கார்டுகளுக்கு என்ன பதில் போடுவது? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: உங்கள் அப்பாவோடு நான் பேசியிருக்கிறேன் அம்மா. கால்சைனை எழுதியிருந்தீர்கள், என் நோட்டில் தேடினேன், 40 மீட்டரில் இரண்டு முறை பேசியிருக்கிறோம். உங்களுக்கு என் ஆறுதல். ஹாம்கள் இறந்தவரை 'சைலன்ட் கீ' என்போம், மோர்ஸ் சாவி அமைதியாகிவிட்டது என்று.

கணினியில் இருக்கும் அந்தச் சான்றிதழ் அவருடைய கையெழுத்து. அதைக் கொண்டு நீங்கள் எதையும் ஏற்ற வேண்டாம், எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும். அழிக்கவும் வேண்டாம், அவர் ஏற்றிவைத்தவை அப்படியே இருக்கும். அவர் ஏற்றாமல் விட்டவற்றைப் பற்றி ஏஆர்ஆர்எல்லின் எல்ஓடிடபிள்யூ உதவிப் பிரிவுக்கு நடந்ததைச் சொல்லி எழுதிக் கேளுங்கள், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

காகிதக் கார்டுகளுக்கு நீங்கள் தாராளமாகப் பதில் போடலாம். லாக் உங்களிடம் இருக்கிறது. வந்த கார்டில் உள்ள தேதியை எடுத்து அப்பாவின் நோட்டில் பாருங்கள், நேரம், பட்டை, கால்சைன் மூன்றும் ஒத்துப்போனால் அவருடைய மிச்சக் கார்டு ஒன்றில் அந்த விவரங்களை எழுதுங்கள். கீழே 'மகள், லாக்கைப் பார்த்து உறுதி செய்தது' என்று எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள், அவர் காலமான தேதியையும் குறிப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் 'லாக்கில் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள், அதுவும் பதில்தான். உங்களுக்கு முடியாது என்றால் பக்கத்துச் சங்கத்தில் ஒருவர் க்யூஎஸ்எல் மேனேஜராக இருந்து செய்து தருவார். கேட்டால் மறுக்க மாட்டார்கள், நானும் தயார்.

முதல் வேலையாகப் பதினேழு நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள், பென்சிலில் எழுதியவற்றை முதலில். உங்கள் ஊர் உப்புக்காற்றில் பென்சில் எழுத்து நிற்காது.